வயிற்றுக்குள் பார்க்கும் ஒலி



கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். சரிதான். கையில் உள்ள புண் கண்ணுக்குத் தெரியும். வயிற்றுக்குள் புண் வந்தால்? அதைப் பார்ப்பது எப்படி? வயிற்றைக் கிழித்தா பார்க்க முடியும்?

ஒரு காலத்தில் அப்படித்தான் பார்த்தார்கள். இன்று கத்தி இல்லாமல் பார்க்கலாம். ஒலியைக் கொண்டு பார்க்கலாம். அதற்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்று பெயர். இன்றைய பேச்சு அதைப் பற்றியது. குடல்வால் வலியைக் கண்டுபிடிக்க அது எப்படி உதவுகிறது என்பதைப் பற்றியது.

கூப்பிடு தூரத்தில் மருத்துவமனை

டெல்லியில் கிட்வாய் நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. விடுதலைப் போராட்ட வீரரும் நேரு அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவருமான ரஃபி அகமது கிட்வாயின் பெயர் கொண்டது. கிழக்கு, மேற்கு என இரண்டு பிரிவுகள். மத்திய அரசு ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட குடியிருப்பு அது. தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்ந்திருக்கின்றன. கிழக்குப் பகுதியில் பழைய குவார்ட்டர்ஸ் போய், இப்போது உயரமான அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன.

அங்கிருந்து ரிங் ரோட்டைத் தாண்டினால் எய்ம்ஸ் மருத்துவமனை. அது 1956இல் தொடங்கப்பட்டது. அதற்கு எதிரே, அரவிந்தர் சாலைக்கு அந்தப் பக்கம், சப்தர்ஜங் மருத்துவமனை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினருக்காக ஏற்பட்ட மருத்துவமனை அது. 1954இல் இந்திய அரசின் சுகாதாரத் துறைக்கு வந்தது. இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து இரவு பகலாக ரயிலேறி நோயாளிகள் இந்த இரண்டு இடங்களுக்கும் வருகிறார்கள்.

கிட்வாய் நகர் மக்களுக்கோ இரண்டும் கூப்பிடு தூரம். அப்படியானால் அங்கே யாருக்கும் வைத்தியம் தாமதமாகாது அல்லவா? அப்படிச் சொல்ல முடியாது. தூரத்தால் மட்டும் தாமதம் வருவதில்லை. தெரியாமையாலும் வருகிறது. பயத்தாலும் வருகிறது. 'இன்று லீவு போட்டால் நாளை வேலை இருக்குமா?' என்ற கவலையாலும் வருகிறது.

ஒரு தாயும் மகனும்

ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கிட்வாய் நகரை அடுத்த கோட்லா முபாரக்பூரில் ஒற்றை அறை. கணவன் கட்டட வேலைக்குப் போகிறான். மனைவி கிட்வாய் நகரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். மகனுக்குப் பத்து வயது. அந்தப் பெண் இரவு வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றவள்.

திங்கட்கிழமை மாலை 6 மணி. பையன் விளையாடப் போகாமல் சுருண்டு படுத்திருக்கிறான்.

"என்னடா கண்ணு, எங்கே வலிக்குது?"

பையன் தொப்புளைச் சுற்றிக் கையை வைத்துக் காட்டுகிறான். இரவு சோறு வேண்டாம் என்கிறான். 10 மணிக்கு ஒரு முறை வாந்தி எடுக்கிறான்.

பக்கத்து அறை ஆயா வந்து பார்க்கிறார். "சூடு பிடிச்சிருக்கும்மா. விளக்கெண்ணெய் கொடு. வயிற்றை நல்லா நீவி விடு. பேதியானா சரியாப் போயிடும்" என்கிறார். ஆயா சொல்வது அன்பினால்தான். ஆனால் அந்த யோசனை இங்கே ஆபத்தானது. ஏன் என்று பிறகு பார்ப்போம்.

அந்தத் தாய்க்கு வகுப்பில் கேட்டது நினைவுக்கு வருகிறது. "வேணாம் ஆயா. விடியட்டும். வலி இடம் மாறுதான்னு பார்க்கிறேன்" என்கிறாள். நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதுகிறாள்:

'திங்கள் மாலை 6 மணி. தொப்புள் வலி. சோறு தின்னவில்லை. இரவு 10 மணி. வாந்தி.'

விடியற்காலை 5 மணிக்குப் பையன் அழுகிறான். இப்போது வலி தொப்புளில் இல்லை. வலது பக்கம், அடிவயிற்றுக்கு இறங்கியிருக்கிறது. உடம்பு லேசாகச் சுடுகிறது. இருமினால் வலிக்கிறது. நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

அவள் இன்னும் இரண்டு வரி எழுதுகிறாள்: 'செவ்வாய் காலை 5 மணி. வலது பக்கம் வலி. காய்ச்சல். மருந்து எதுவும் கொடுக்கவில்லை.' வேலை செய்யும் வீடுகளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, ஆட்டோ பிடித்து மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகிறாள்.

குடல்வால் என்றால் என்ன?

சிறுகுடலும் பெருங்குடலும் வயிற்றின் வலது பக்கம், கீழ்ப்பகுதியில் சேர்கின்றன. அந்த இடத்தில் ஒரு சிறிய வால் தொங்குகிறது. அதுதான் குடல்வால். மருத்துவர்கள் அப்பெண்டிக்ஸ் என்பார்கள். சாதாரணமாக 6 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். உள்ளே குழாய் போல இருக்கும். ஒரு முனை மூடியது. மற்ற முனை குடலில் திறக்கும்.

அந்தத் திறப்பு அடைபட்டுவிடுவது உண்டு. கெட்டிப்பட்ட மலத்துணுக்கு அடைக்கலாம். உள்ளே இருக்கும் நிணநீர்த் திசு வீங்கியும் அடைக்கலாம். அடைத்தால் உள்ளே சுரக்கும் நீர் வெளியே வர முடியாது. கிருமிகள் பெருகும். சீழ் கட்டும். குடல்வால் வீங்கும். இதுதான் குடல்வால் அழற்சி. அப்பெண்டிசைடிஸ் என்பதும் இதுவே. எந்த வயதிலும் இது வரலாம். 10 வயது முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது.

கவனிக்காமல் விட்டால், வீங்கிய குடல்வால் ஓட்டையாகிவிடும். ஒன்றிரண்டு நாட்களிலேயே அப்படி ஆகலாம். அப்போது சீழ் வயிறு முழுவதும் பரவும். உயிருக்கே ஆபத்து வரும்.

இதில் ஒரு ஏமாற்றும் உண்டு. குடல்வால் வெடிக்கும்போது உள்ளே இருந்த அழுத்தம் குறையும். வலியும் சிறிது நேரம் குறைந்தது போலத் தோன்றும். 'சரியாகிவிட்டது' என்று வீட்டில் நினைப்பார்கள். சில மணி நேரத்தில் வயிறு முழுவதும் வலி பரவும். வயிறு பலகை போல இறுகும். காய்ச்சல் ஏறும்.

இப்போது ஆயாவின் யோசனைக்கு வருவோம். பேதி மருந்து குடலை முறுக்கி இயக்கும். வயிற்றை அழுத்தி நீவினால் வீங்கிய குடல்வால் மேல் அழுத்தம் விழும். இரண்டும் அது உடைவதற்கு வழி செய்யலாம். அதனால்தான் அவை கூடாது. எனிமாவும் கூடாது. சூட்டு ஒத்தடமும் வேண்டாம்.

மன்னருக்கும் வந்த நோய்

இந்த நோய்க்கு ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு இல்லை. 1902இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு ஜூன் 26ஆம் தேதி முடிசூட்டு விழா நடக்க இருந்தது. பல நாட்டு விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். அந்த நேரத்தில் மன்னருக்குக் கடும் வயிற்று வலி. குடல்வால் பகுதியில் சீழ் கட்டியிருந்தது. ஜூன் 24ஆம் தேதி பிரெடரிக் டிரீவ்ஸ் என்ற மருத்துவர் அறுவை செய்து சீழை வெளியேற்றினார். மன்னர் பிழைத்தார். விழா ஆகஸ்ட் 9ஆம் தேதிக்குத் தள்ளிப் போயிற்று. அந்த முடிசூட்டுக்காகத்தான் 1903 ஜனவரியில் டெல்லியில் பெரிய தர்பார் நடந்தது.

மன்னரிடம் எல்லாம் இருந்தன. ஆனால் அவருடைய வயிற்றுக்குள் பார்க்க அன்று ஒரு வழியும் இல்லை. இன்று அரசு மருத்துவமனைக்குப் போகும் ஏழைப் பிள்ளைக்கு அந்த வழி இருக்கிறது.

ஒலி எப்படிப் படம் காட்டும்?

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தால் என்ன ஆகும்? குரல் திரும்பி வரும். அதை எதிரொலி என்கிறோம். வௌவால் இருட்டில் பறப்பதும் எதிரொலியால்தான். அது ஒலியை அனுப்புகிறது. ஒலி சுவரில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் நேரத்தைக் கொண்டு சுவர் எவ்வளவு தூரம் என்று வௌவால் அறிகிறது.

ஸ்கேன் கருவியும் இப்படியே வேலை செய்கிறது. ஒலி என்பது அதிர்வு. நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் அதிரும் ஒலி மனிதர் காதுக்குக் கேட்காது. ஸ்கேன் கருவியின் ஒலி நொடிக்கு 20 லட்சம் முதல் 1.5 கோடி தடவை வரை அதிரும். அது உடலுக்குள் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் போகும். தோல், தசை, குடல் என ஒவ்வொன்றிலும் பட்டு எதிரொலியாகத் திரும்பும். கணினி அந்த எதிரொலிகளைப் படமாக மாற்றித் திரையில் காட்டும்.

இந்த வேலையைச் செய்வது கைக்குள் அடங்கும் ஒரு சிறு கருவி. வயிற்றில் முதலில் குளிர்ச்சியான பசையைத் தடவுவார்கள். ஏன்? கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. பசை அந்தக் காற்றை விலக்குகிறது. ஸ்கேன் முடிந்ததும் துடைத்துவிட்டால் போதும்.

ஊசி கிடையாது. மின்சாரம் உடலில் பாயாது. எக்ஸ்ரே கதிரும் இதில் இல்லை. அதனால்தான் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் இந்த ஸ்கேனைச் செய்கிறார்கள். சி.டி. ஸ்கேன் இன்னும் தெளிவாகக் காட்டும். ஆனால் அதில் எக்ஸ்ரே கதிர் உண்டு. தேவைப்பட்டால் மட்டும் அதைச் செய்வார்கள்.

அழுத்திப் பார்க்கும் முறை

1886இல் ரெஜினால்ட் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த நோயைத் தெளிவாக விளக்கினார். அப்பெண்டிசைடிஸ் என்ற பெயரை வைத்தவரும் அவரே. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் உயிரைக் காக்கலாம் என்று அவர் சொன்னார்.

1958இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இயான் டொனால்ட் என்ற மருத்துவர் தம் குழுவினருடன் சேர்ந்து, வயிற்றுக்குள் உள்ளதை ஒலியால் படம் பிடித்துக் காட்டினார். உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியால் பார்க்கும் ஆலைக் கருவியே அவருக்கு வழி காட்டியது.

ஆனால் குடல்வாலைப் பார்ப்பது அப்போதும் எளிதாக இல்லை. குடலில் வாயு இருக்கும். வாயு ஒலியைத் தடுக்கும். இதற்கு ஒரு வழியை 1986இல் ஜூலியன் புய்லார்ட் என்ற நெதர்லாந்து மருத்துவர் எழுதினார். ஃபிட்ஸ் எழுதி சரியாக 100 ஆண்டுகள் கழித்து அது வந்தது.

அவருடைய வழி மிக எளியது. கருவியால் வயிற்றை மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். சட்டென்று அழுத்தக் கூடாது. அழுத்தும்போது குடலில் உள்ள வாயு விலகும். நல்ல குடல் நசுங்கும். வீங்கிய குடல்வால் நசுங்காது.

காற்று இல்லாத சைக்கிள் டியூபை விரலால் அழுத்திப் பாருங்கள். தட்டையாகும். காற்று நிறைந்த டியூபை அழுத்துங்கள். தட்டையாகாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் இது.

பருமனையும் அளப்பார்கள். குடல்வால் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்து, அழுத்தினாலும் நசுங்காமல் இருந்தால், அழற்சி என்று சந்தேகிப்பார்கள். உங்கள் கையில் உள்ள பென்சிலைப் பாருங்கள். அதன் பருமன் சுமார் 7 மில்லிமீட்டர். இவ்வளவு சிறிய அளவில்தான் நோய்க்கும் நலத்துக்கும் உள்ள எல்லை இருக்கிறது.

அந்தத் தாயின் மகனுக்கும் ஸ்கேன் செய்தார்கள். அழுத்தும்போது அவன் முகம் சுளித்தான். "எங்கே ரொம்ப வலிக்குது, விரலால் காட்டு" என்று கேட்டார்கள். அவன் காட்டிய இடத்திலேயே கருவியை வைத்தார்கள். குடல்வால் 9 மில்லிமீட்டர் இருந்தது. நசுங்கவில்லை. இன்னும் உடையவும் இல்லை.

ஸ்கேனுக்கும் எல்லை உண்டு

ஸ்கேனில் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. சிலருக்குக் குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் மறைந்திருக்கும். சிலருக்கு வாயு அதிகமாக இருக்கும். உடல் பருத்தவர்களுக்குப் படம் தெளிவாக விழாது. பார்ப்பவருடைய பயிற்சியும் முக்கியம்.

ஆகவே, 'குடல்வால் தெரியவில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால், 'நோய் இல்லை' என்று பொருள் கொள்ளாதீர்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை, அவ்வளவுதான். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். ரத்தப் பரிசோதனை செய்வார். சில மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார். 'இருங்கள்' என்று அவர் சொன்னால் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

பெண்களுக்கு இந்த ஸ்கேன் இன்னொரு வகையிலும் உதவுகிறது. வலது பக்க அடிவயிற்று வலிக்குக் குடல்வால் மட்டுமே காரணம் அல்ல. சினைப்பையில் கட்டி இருக்கலாம். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம். இதுவும் உயிருக்கு ஆபத்தானது. சிறுநீர்க் கல்லும் வலி கொடுக்கும். இவற்றைப் பிரித்து அறிய ஸ்கேன் துணை செய்கிறது. ஆகவே கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியை மருத்துவர் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.

இன்னொரு செய்தி. இதே கருவியைச் சிலர் கெட்ட வழியில் பயன்படுத்தினார்கள். வயிற்றில் இருப்பது பெண் குழந்தையா என்று பார்த்துக் கருவை அழித்தார்கள். இதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தது. 2003இல் அது இன்னும் கடுமையாயிற்று. ஸ்கேன் நிலையம் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 'இங்கே கருவின் பாலினம் சொல்லப்படாது' என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. உயிரைக் காக்க வந்த கருவியை உயிரைப் பறிக்கப் பயன்படுத்தலாமா?

ஆபரேஷன் என்றால் பயப்பட வேண்டுமா?

அழற்சி உறுதியானால் பெரும்பாலும் குடல்வாலை எடுத்துவிடுவார்கள். அது இல்லாமலும் நன்றாக வாழலாம். இப்போது பல இடங்களில் சிறு துளைகள் வழியாகவே எடுக்கிறார்கள். உடையாத குடல்வால் என்றால், பெரும்பாலோர் சில நாட்களில் வீடு திரும்பலாம். உடைந்த பிறகு போனால் ஆபரேஷனும் பெரிது. மருத்துவமனையில் இருக்கும் நாட்களும் அதிகம். கூலி இழப்பும் அதிகம். ஒரு நாள் வேலைக்குப் பயந்து தாமதித்தால், பல நாள் வேலை போகும்.

சிலருக்கு மருந்தால் மட்டும் குணப்படுத்தவும் முயல்கிறார்கள். 2020இல் அமெரிக்காவில் பெரியவர்களிடம் செய்த ஓர் ஆய்வு வெளியாயிற்று. மருந்து மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு 90 நாட்களுக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. யாருக்கு மருந்து போதும், யாருக்கு ஆபரேஷன் வேண்டும் என்று மருத்துவர்தான் முடிவு செய்வார். மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை விழுங்குவது வைத்தியம் ஆகாது.

எழுத்து காத்த நேரம்

அந்தத் தாய் நாட்காட்டித் தாளை மருத்துவரிடம் நீட்டினாள். அதில் இருந்தது தமிழ் எழுத்து. மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் தாளைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இந்தியில் வரிசையாகச் சொன்னாள். 'கல் ஷாம் சே பேட் மே தர்த்' என்றாள். நேற்று மாலையிலிருந்து வயிற்று வலி என்று பொருள். 'ராத் கோ உல்டி' என்றாள். இரவில் வாந்தி. 'அப் தாஹினி தரஃப்' என்றாள். இப்போது வலது பக்கம். 'புகார் பீ ஹை' என்றாள். காய்ச்சலும் இருக்கிறது.

நான்கு சிறு வாக்கியங்கள்தாம். ஆனால் வலி எப்போது தொடங்கியது, எங்கிருந்து எங்கே போனது, அதற்குள் என்ன ஆயிற்று என்பது முழுவதும் அதில் இருந்தது. தாள் இல்லாவிட்டால், பதற்றத்தில் பாதி மறந்திருப்பாள்.

ஆபரேஷனுக்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். இந்திப் படிவம் அவளுக்குப் புரியவில்லை. "படித்துச் சொல்லுங்கள்" என்று நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் படித்துச் சொன்னார். என்ன ஆபரேஷன், என்ன ஆபத்து என்று கேட்டறிந்த பிறகே தன் பெயரைத் தமிழில் எழுதினாள். கட்டைவிரல் ரேகை வைத்த காலம் அவளுக்கு முடிந்துவிட்டது. அன்று மாலை ஆபரேஷன் முடிந்தது. வெள்ளிக்கிழமை பையன் வீட்டில் இருந்தான்.

இது எண்ணிப் பார்த்த கதைதான். ஆனால் திங்கட்கிழமை இரவு அவள் எடுத்தது போன்ற முடிவு எந்த வீட்டிலும் எடுக்க வேண்டியதாக வரலாம்.

ஆகவே இவற்றை நினைவில் வையுங்கள்:

தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரவானாலும் போங்கள். விடியும்வரை காத்திருக்க வேண்டாம். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் வலி இப்படி வரிசையாக வராமலும் இருக்கலாம். வலி விடாமல் இருந்தாலே காட்டிவிடுங்கள்.

பேதி மருந்து, விளக்கெண்ணெய், எனிமா, வயிறு நீவுதல் எதுவும் வேண்டாம்.

மருத்துவர் பார்க்கும்வரை சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்க வேண்டாம். ஆபரேஷன் தேவைப்படலாம்.

வலி சட்டென்று குறைந்தாலும் நம்பி இருந்துவிட வேண்டாம்.

டெல்லியில் ஆம்புலன்சுக்கு 102. தமிழ்நாட்டில் 108. இந்த எண்களைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்.

அந்தத் தாய் தாளில் என்னென்ன எழுதினாள்?

வீங்கிய குடல்வாலும் காற்று நிறைந்த டியூபும் எந்த வகையில் ஒன்று?

'குடல்வால் தெரியவில்லை' என்று ரிப்போர்ட் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

இன்று வீட்டுக்குப் போனதும் பக்கத்து வீட்டு ஆயாவிடம் இதைச் சொல்லுங்கள். அவரைக் குறை சொல்ல வேண்டாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அடுத்த முறை ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும்போது, 'ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு' என்று முதலில் சொல்பவர் அவராகவே இருக்கட்டும்.